குணமடைந்தவரின் கதை: ஒரு மறுப்பு

குணமடைந்தவரின் கதைக்கு இன்று ஒரு நிலையான வடிவம் வந்துவிட்டது. ஓடியாடிக்கொண்டிருந்த ஒருவர் சாதாரணக் காய்ச்சல் ஒன்றில் விழுகிறார். காய்ச்சல் போகிறது, உடம்பு திரும்புவதில்லை. மருத்துவர்கள் ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடுகிறார்கள். திரை போட்ட அறையில் ஆண்டுகள் கழிகின்றன. ஒருநாள் யாரோ ஒரு பெயரைச் சொல்கிறார்கள்: லைட்னிங் பிராசஸ். மூன்று நாள் பயிற்சி. மூன்றாம் நாள் மாலை அவர் படியேறுகிறார், அடுத்த வாரம் ஓடுகிறார். கடைசிப் பத்தியில் கடலோ மலையோ தவறாமல் வந்துவிடும்.

பிரிட்டிஷ் நாளிதழ்களின் வாரயிறுதிப் பக்கங்களில் இருபது ஆண்டுகளாக இக்கதை பெயர் மாறி, ஊர் மாறி வந்துகொண்டிருக்கிறது. துன்பம், அலைச்சல், ஆசான், திறப்பு, மீட்சி என்ற அதன் அடுக்கு புராணங்களிலிருந்தே நமக்குப் பழக்கமானது. மனமிருந்தால் மார்க்கமுண்டு என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆகவே கேள்வியின்றி உள்ளே விட்டுவிடுகிறோம். இலக்கிய வாசகர்கள் இதை மருத்துவர்களின் விவகாரம் என்று ஒதுக்குவதுதான் வழக்கம். அதோடு எனக்கு உடன்பாடில்லை. இங்கே சான்றாக முன்வைக்கப்படுவதே கதைதான். கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, யாருக்கு அதில் பேச இடமிருக்கிறது, யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று கேட்பது நம் தொழில்.

முதலில் நோய். சோர்வு என்ற சொல்லிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. 1980களின் நடுவில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், இன்க்லைன் வில்லேஜ் என்ற ஏரிக்கரை ஊரில் பலர் ஒரே காலத்தில் நோயுற்றனர். அதையொட்டி எழுந்த விசாரணைகளின் தொடர்ச்சியாக 1988-ல் 'நாட்பட்ட சோர்வு நோய்க்குறி' என்ற பெயர் வந்தது. பிரிட்டனில் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே மயால்ஜிக் என்செஃபலோமயலிடிஸ், சுருக்கமாக எம்.ஈ., என்று ஒரு பெயர் இருந்தது. ஒரு நோய்க்குச் சோர்வு என்று பெயரிட்டால் கேட்பவர் எல்லோரும் "எனக்கும்தான் சோர்வாக இருக்கிறது" என்பார்கள். சொன்னார்கள். இன்றும் சொல்கிறார்கள்.

இந்நோயின் மையம் சோர்வு அன்று. உழைப்புக்குப் பிந்தைய சரிவுதான் அதன் மையம். தலைக்குக் குளிப்பது, விருந்தினரோடு அரை மணி நேரம் பேசுவது, ஒரு கடிதம் எழுதுவது போதும். அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. பல சமயம் மறுநாள்தான் அது வரும்: தொண்டை வலி, தலைக்குள் மூட்டம், வெளிச்சமும் ஓசையும் தாங்க முடியாமை, எழுந்து நின்றால் படபடப்பு. நாட்கணக்கில் நீடிக்கும், சிலருக்கு மாதக்கணக்கில். 2015-ல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளைப் பரிசீலித்து வெளியிட்ட அறிக்கை இச்சரிவை நோயின் கட்டாய அடையாளமாக வைத்தது. அமெரிக்காவில் மட்டும் 8,36,000 முதல் 25 லட்சம் பேர் வரை இதனால் அவதியுறுவதாகவும், அவர்களில் கால்வாசிப் பேராவது ஏதோ ஒரு கட்டத்தில் வீட்டோடோ படுக்கையோடோ முடங்குவதாகவும் அது மதிப்பிட்டது.

இத்தகைய நோயை மனத்தின் கணக்கில் எழுதும் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1955 கோடையில் லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பணியாளர்களிடையே ஒரு நோய் பரவியது; 292 பேர் பாதிக்கப்பட்டனர். மருத்துவமனையையே மூட வேண்டியதாயிற்று. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1970-ல், மெக்கெவடி, பேர்ட் என்ற இரு உளமருத்துவர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அது கூட்டு ஹிஸ்டீரியா என்பது அவர்கள் முடிவு. நோயுற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பது அவர்கள் எடுத்துக்காட்டிய காரணங்களில் ஒன்று. நோயாளி ஒருவரையும் அவர்கள் நேரில் பரிசோதிக்கவில்லை, பழைய குறிப்பேடுகளைப் படித்து முடிவுக்கு வந்தார்கள். (பெங்குயின் வெளியிட்ட வரலாற்று வரைபட நூல்களால் வரலாற்று மாணவர்கள் அறிந்த காலின் மெக்கெவடி இவர்தான். தொலைவிலிருந்து வரைபடம் போடுவது அவருக்குக் கைவந்த கலை.)

லைட்னிங் பிராசஸ் 1990களின் இறுதியில் ஃபில் பார்க்கர் என்ற பிரிட்டிஷ் எலும்பு-தசைச் சீரமைப்புச் சிகிச்சையாளர் உருவாக்கியது. நியூரோ லிங்விஸ்டிக் புரோகிராமிங், வாழ்க்கைப் பயிற்சி, தன் தொழிலின் சில கருத்துகள் ஆகியவற்றைக் கலந்து செய்தார். அபாயம் கண்ட உடல் எழுப்பும் பதற்றம் அணையாமல் எரிந்துகொண்டிருப்பதே நோய், அந்தச் சுழலை உரிய சொற்களாலும் அசைவுகளாலும் நிறுத்தலாம், மூளை மாறிக்கொள்ளும் தன்மையுடையது என்பது அடிப்படை. நோயின் எண்ணம் எழும்போதெல்லாம் தனக்குத்தானே 'நில்' என்று சொல்லிக்கொள்ள வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் வகுப்பு, கட்டணம் பல நூறு பவுண்டு. அமிக்டலாவைப் பயிற்றுவிப்பதாகச் சொல்லும் அசோக் குப்தாவின் திட்டம் போன்ற உறவினர்களும் இந்தக் குடும்பத்தில் உண்டு. லைட்னிங் பிராசஸ்தான் மூத்தது, கதைகளும் அதைப் பற்றியே அதிகம்.

அதன் இலக்கணம் நம் கவனத்துக்குரியது. பார்க்கர் ஆங்கிலத்தின் 'செய்' என்ற வினையைச் சற்றே திரித்து ஒரு தனி வினைச்சொல் படைத்தார். ஒருவருக்கு மன அழுத்தம் 'இருக்கிறது' என்று சொல்லக்கூடாது, அவர் அதைத் தன்னையறியாமல் 'செய்கிறார்' என்று சொல்ல வேண்டும். வலியும் சோர்வும் அப்படியே. இது பழி சுமத்துவதற்காக அன்று, மாற்றும் வல்லமை நம்மிடம் இருப்பதை உணர்த்தவே என்பது அத்தரப்பின் விளக்கம். இருக்கட்டும். தமிழில் சொல்லிப் பாருங்கள். எனக்கு வலிக்கிறது, எனக்குக் களைப்பாக இருக்கிறது, எனக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. நம் மொழி நோயாளியை நான்காம் வேற்றுமையில் வைக்கிறது. அவர் எழுவாய் அல்லர், ஏதோ ஒன்று அவரிடம் வந்து சேர்கிறது. "நான் வலியைச் செய்கிறேன்" என்ற வாக்கியம் தமிழில் எழவே மறுக்கிறது. இதை நான் வைத்தியச் சான்றாகச் சொல்லவில்லை. ஒரு சிகிச்சை தன் முதல் வேலையாக நோயாளியின் வாக்கியத்தைத் திருத்துகிறது என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன். நோயாளி 'எனக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் 'நான்' வந்து உட்கார்ந்துவிட்டால், மூன்று நாளில் குணமாகாததற்கும் அந்த 'நான்'தான் பொறுப்பேற்க வேண்டும்.

இனி அறிவியல் என்ற பெயரில் நடந்தது. 2017-ல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 12 முதல் 18 வயதுவரையிலான 100 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான மருத்துவக் கவனிப்பு, மறுபாதிக்கு அதோடு லைட்னிங் பிராசஸ். யாருக்கு எது கிடைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். இத்தகைய பயிற்சியில் மறைக்கவும் முடியாது. ஆறு மாதம் கழித்து, உங்களால் எவ்வளவு நடக்க முடிகிறது, படியேற முடிகிறது என்று கேள்வித்தாளில் கேட்டார்கள். பயிற்சி பெற்றவர்கள் கூடுதல் மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். பத்திரிகைகள் கொண்டாடின.

சற்று நின்று யோசியுங்கள். உன் உடம்பைப் பற்றி நல்லதாகவே சொல், நலமாக இருப்பவளைப் போலவே பேசு, ஐயம் வந்தால் நிறுத்து என்று ஒரு சிறுமிக்கு மூன்று நாள் கற்றுக்கொடுக்கிறார்கள். பிறகு அவளிடமே "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டு, அவள் சொன்ன பதிலைச் சிகிச்சையின் வெற்றியாக எழுதுகிறார்கள். கிளிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கிளியே சொல்கிறது பாருங்கள் என்று சாட்சி காட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அவள் பொய் சொல்கிறாள் என்பதில்லை. ஒருவேளை உண்மையிலேயே நலமாகவும் இருக்கலாம். அந்தக் கேள்வித்தாளால் அதை அறிய முடியாது என்பதே என் வாதம்.

அறியக்கூடிய அளவுகோல் ஒன்று ஆய்வாளர்களின் கையில் இருந்தது. முன்னோட்டக் கட்டத்தில் பள்ளிக்கு எத்தனை நாள் போனார்கள் என்பதே முதன்மை அளவீடாக இருந்தது. அந்த முன்னோட்டத்தில் பங்கேற்ற பிள்ளைகளின் விவரங்கள் கைக்கு வந்த பிறகு அது கீழே இறக்கப்பட்டது, கேள்வித்தாள் மேலே ஏற்றப்பட்டது. அதே பிள்ளைகள் முழு ஆய்விலும் சேர்க்கப்பட்டனர்; மொத்தப் பங்கேற்பாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அவர்களே. 2017 கட்டுரையில் இது தெளிவாகச் சொல்லப்படவில்லை. பத்திரிகையாளர் டேவிட் டல்லர் விடாமல் எழுப்பிய கேள்விகளுக்குப் பிறகு 2019-ல் நீண்ட திருத்தமும் ஆசிரியர் குறிப்பும் வந்தன. கட்டுரை திரும்பப் பெறப்படவில்லை. பந்தயம் பாதி ஓடிய பிறகு வெற்றிக்கோட்டை நகர்த்திவிட்டு, நகர்த்தியதைப் பிறகு அடிக்குறிப்பில் சொல்லிக்கொள்ளலாம் என்றால் பந்தயம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

இந்த வித்தை புதிதன்று. 2011-ல் லான்செட் இதழில் வந்த பேஸ் ஆய்வு இதைவிடப் பெரியது, 641 பேர். படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியும் மனநடத்தைச் சிகிச்சையும் நோயாளிகளைத் தேற்றுகின்றன என்றது. 2013-ல் வந்த தொடர்கட்டுரை, இவ்விரண்டில் எதைப் பெற்றிருந்தாலும் ஐந்தில் ஒருவருக்கு மேல் குணமடைந்தார்கள் என்று சொன்னது. உடல் இயக்கத்துக்கான 100 மதிப்பெண்ணில் 65-ஓ அதற்குக் கீழோ இருப்பவரே ஆய்வில் சேரும் அளவு நோயாளி. குணமடைந்தவர் என்பதற்கான நிபந்தனைகளில் ஒன்றோ 60-ஐத் தொட்டால் போதும் என்றது! முதல் திட்டத்தில் அது 85. ஆக, ஒருவர் 65-லிருந்து 60-க்கு இறங்கியும் அந்த நிபந்தனையை நிறைவேற்றலாம். ஆஸ்திரேலியாவிலிருந்த நோயாளி ஒருவர் தகவலுரிமைச் சட்டத்தின் வழியே போராடி, 2016-ல் தீர்ப்பாயம் தரவுகளை வெளியிட ஆணையிட்டது. பழைய திட்டப்படி மறுகணக்கிட்டபோது குணமடைந்தோர் மனநடத்தைச் சிகிச்சையில் 7 சதவீதம், உடற்பயிற்சியில் 4 சதவீதம், வெறும் மருத்துவக் கவனிப்பில் 3 சதவீதம். கேள்வித்தாள்களையும் கணக்குகளையும் படுக்கையிலிருந்தபடி, நாளுக்குச் சில நிமிடம் கண்ணைத் திறந்து படித்துக் கண்டுபிடித்தவர்கள் நோயாளிகள். அவர்களுக்குத்தான் மன உறுதி போதாது என்று சொல்லப்பட்டது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தைத் தவிர்த்துவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. "மனமும் உடலும் ஒன்று என்று அறிவியலே சொல்லும்போது நீங்கள் ஏன் பழைய பிளவைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?" என்பது முதலாவது. ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒற்றுமை இவர்களிடம் ஒருவழிப் பாதையாகவே இருக்கிறது. மனம் உடலை ஆள்கிறது என்பதோடு நின்றுவிடுகிறார்கள். உடல் மனத்தை ஆள்வதைப் பேசுவதில்லை. மனமும் உடலும் ஒன்றென்றால் நீரிழிவுக்காரரையும் மூன்று நாள் வகுப்புக்கு அழைத்து இன்சுலினை விடச் சொல்ல வேண்டியதுதானே? அழைக்க மாட்டார்கள், அங்கே அளவுமானி இருக்கிறது. அளவுமானி இன்னும் வராத நோய்களில்தான் மனம் இவ்வளவு சர்வ வல்லமை பெறுகிறது. காசநோய்க்குக் கிருமி தெரியும்வரை காதலும் கவிதையும் காரணமாக இருந்ததையும், புற்றுநோய்க்கு அடக்கிய உணர்ச்சி காரணம் என்று பேசப்பட்டதையும் சூசன் சாண்டாக் 1978-லேயே எழுதிவிட்டார். அந்த நூலை மேற்கோள் காட்டாத சிற்றிதழ்க்காரர் இல்லை. இந்த நோய் என்று வரும்போது மட்டும் அது ஏனோ அலமாரியிலேயே இருந்துவிடுகிறது.

இரண்டாவது வாதம்: "உண்மையிலேயே எழுந்து நடந்தவர்கள் இருக்கிறார்களே?" இருக்கிறார்கள். அவர்களுடைய மகிழ்ச்சியை நான் ஐயுறவில்லை. இந்நோய் ஏறி இறங்கும் இயல்புடையது; சிறு வயதினர் பலர் காலப்போக்கில் தேறுகிறார்கள்; சோர்வு என்ற அகன்ற கூடைக்குள் வேறு காரணங்களால் களைத்தவர்களும் விழுந்திருக்கிறார்கள். இவர்களில் சிலருக்கு அச்சத்தைக் குறைக்கும் எந்தப் பயிற்சியும் நன்மை செய்யலாம். ஆனால் எழுந்தவர் மேடைக்கு வருகிறார், எழாதவர் படுக்கைக்குத் திரும்புகிறார். மேடையை மட்டும் பார்த்து எண்ணிக்கை சொல்ல முடியாது.

2013-ல் வந்த ஒரு சிறு ஆய்வு படுக்கைப் பக்கத்தையும் கொஞ்சம் காட்டியது. லைட்னிங் பிராசஸ் பெற்ற ஒன்பது இளையோரிடம் பேசிப் பதிவுசெய்தார்கள். ஏழு பேர் மிகவும் தேறியதாகச் சொன்னார்கள். இருவர் எந்த மாற்றமும் இல்லை என்றார்கள். பயிற்சியைச் சுற்றியிருந்த இரகசியத்தன்மை, பிறகு வந்து பார்ப்பார் இல்லாமை, பலிக்காவிட்டால் பழி தங்கள் மேல் என்ற உணர்வு ஆகியவை குறைகளாகப் பதிவாயின. எந்த மருந்தின் பக்கவிளைவுப் பட்டியலிலும் நான் காணாத பக்கவிளைவு இது. மாத்திரை கேட்காவிட்டால் மாத்திரையை மாற்றுவார்கள். இங்கே நோயாளி தன்னை அல்லவா மாற்றிக்கொள்ள வேண்டும். ஒன்பதில் இரண்டு என்பது சிறிய எண்தான். அந்த இருவரின் கதையை எந்த ஞாயிறு இணைப்பும் கேட்டு வாங்கவில்லை.

இலக்கியத்திலிருந்து இரண்டு பெண்களை அழைக்கிறேன். முதலாமவர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன். 1887-ல் பிலடெல்பியாவின் புகழ்பெற்ற நரம்பு மருத்துவர் வீர் மிட்செல் அவருக்கு ஓய்வுச் சிகிச்சை அளித்தார். வீட்டோடு இரு, பேனாவைத் தொடாதே என்று அனுப்பினார். கில்மன் மனச்சிதைவின் விளிம்புவரை போய்த் திரும்பி, 1892-ல் 'மஞ்சள் சுவர்த்தாள்' கதையை வெளியிட்டார். மிட்செலுக்கும் ஒரு பிரதி அனுப்பினார். வேலை கேட்ட பெண்ணை மருத்துவம் படுக்க வைத்தது. நூறாண்டு கழித்து, படுக்க வேண்டிய பெண்ணை அதே மருத்துவம் எழுப்பி நடக்க வைத்தது. இரண்டு கட்டளைகளும் நேர் எதிரானவை. ஆனால் "எனக்கு என்ன ஆகிறது என்று நான் சொல்கிறேன், கேளுங்கள்" என்ற பெண்ணின் குரலுக்கு இரண்டிலும் இடமில்லை.

மற்றவர் லாரா ஹில்லன்பிராண்ட். 1987-ல், பத்தொன்பது வயதில், கல்லூரி மாணவியாக இருந்தபோது நோயில் விழுந்தார். உளமருத்துவரிடம் அனுப்பினார்கள், அவரோ மனம் நலமாக இருக்கிறது, உடலில்தான் நோய் என்றார். அனுப்பிய மருத்துவர் அதை ஏற்கவில்லை. 2001-ல் 'சீபிஸ்கட்' வந்தது. பந்தயக் குதிரையைப் பற்றிய அந்நூலை, அறையே சுழலும் தலைசுற்றலோடு போராடி எழுதினார். 2003-ல் நியூயார்க்கர் இதழில் தன் நோயை எழுதினார். 2010-ல் 'அன்புரோக்கன்': ஒலிம்பிக் ஓட்டக்காரராக இருந்து, போரில் கடலில் விழுந்து, ஜப்பானியச் சிறைமுகாமில் வதைபட்டு மீண்ட லூயி சாம்பெரினியின் கதை. அந்த மனிதரை ஏழாண்டுகள் தொலைபேசியிலேயே பேட்டி கண்டார். மனித மன உறுதிக்கு இக்காலத்தில் எழுதப்பட்ட மிகப் பெரிய புகழுரைகளில் ஒன்றை எழுதியவர் வீட்டை விட்டு வெளியேற முடியாதவராக இருந்தார். உறுதி இருந்தால் போதும் என்றால் அவர்தான் முதலில் ஓடியிருக்க வேண்டும். உறுதியால் நூல் எழுத முடிந்தது, உயிரணுவைத் திருத்த முடியவில்லை.

2021 அக்டோபர் 29 அன்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு இந்நோய்க்கான புதிய வழிகாட்டுதலை வெளியிட்டது. ஆகஸ்டில் வெளிவர வேண்டியது. பழைய சிகிச்சைகளை நம்பிய மருத்துவ வட்டாரங்களின் எதிர்ப்பால் கடைசி நாளில் நிறுத்தப்பட்டுப் பிறகு வந்தது. படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை அது கைவிட்டது. மனநடத்தைச் சிகிச்சை நோயைக் குணமாக்குவதன்று, நோயோடு வாழத் துணை செய்வது மட்டுமே என்றது. லைட்னிங் பிராசஸை, அதை அடிப்படையாகக் கொண்ட சிகிச்சைகளையும் சேர்த்து, வழங்க வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னது. 2025 ஆகஸ்டில் எடின்பரோ பல்கலைக்கழகம் சார்ந்த டிகோட்எம்.ஈ. ஆய்வு, பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களைப் பரிசீலித்து, நோயோடு தொடர்புடைய எட்டு இடங்களைக் காட்டியிருக்கிறது. முதற்கட்ட முடிவுதான், மருந்தாக அது இன்னும் எதுவும் தரவில்லை. அளவுமானிக்கு நெடுந்தொலைவு இருக்கிறது.

இதற்கிடையே கோவிட் வந்து போய், நீண்ட கோவிட் என்ற பெயரில் அதே சரிவோடு புதிய நோயாளிகள் உலகெங்கும் பெருகிவிட்டார்கள். கதைக்குப் புதிய சந்தை. அதே மூன்று நாள், அதே படிக்கட்டு, அதே கடற்கரை. இதழாசிரியர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கதையை வெளியிடுங்கள். ஆனால் ஓராண்டு கழித்து அவரை ஒருமுறை தொலைபேசியில் அழையுங்கள். அவரோடு அதே வகுப்பில் உட்கார்ந்திருந்த மற்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். யாராவது எடுக்க முடியாத நிலையில் இருந்தால், எடுக்கவில்லை என்பதையும் அச்சிடுங்கள்.